போவாரா, மாட்டாரா?

"தாத்தா, அவர் போயிடுவாரா?"

2024 ஜனவரி 9-ம் தேதி, காலை ஏழரை மணி. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம், ஆன் ஆர்பர் என்கிற ஊர். மகளுக்கு இரண்டாவது பிரசவம் என்று நானும் என் சகதர்மிணியும் போயிருந்தோம். அடுப்படியில் அவள் பிரசவ லேகியம் கிளறிக்கொண்டிருந்தாள். பத்து வயசுப் பேரன் தோசையைத் தொடாமல், சோகமே உருவாக உட்கார்ந்து இப்படிக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாருக்குடா என்ன ஆச்சு? ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களா?"

"ஐயோ தாத்தா! ஜிம் ஹார்பா! எங்க கோச்!"

கோச் என்றால் ரயில் பெட்டி இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணிக்குப் பயிற்சியாளர். முந்தின ராத்திரிதான் அந்த அணி ஹூஸ்டனில் நடந்த இறுதி ஆட்டத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 34-13 என்று தோற்கடித்து, தேசிய சாம்பியன் ஆகியிருந்தது. அந்த வருஷம் ஆடிய பதினைந்து ஆட்டங்களிலும் வெற்றி. நடு ராத்திரி வரைக்கும் ஊரே கத்தித் தீர்த்தது. எங்கள் வீட்டில் கத்திய கத்தலில் பதினோரு நாள் குழந்தை எழுந்து, அதுவும் தன் பங்குக்குக் கத்தியது.

ஜெயித்து அரை நாள்கூட ஆகவில்லை. அதற்குள் கவலை வந்துவிட்டது. இத்தனை பெரிய வெற்றிக்கு அப்புறம் மனுஷர் இங்கே இருப்பாரா, இல்லை தொழில்முறை அணிக்குத் தாவிவிடுவாரா?

இங்கே ஃபுட்பாலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெயர்தான் ஃபுட்பால். காலால் உதைப்பது எப்போதாவதுதான். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருத்தன் ஓடுகிறான், எதிர் அணியில் ஆளாளுக்கு அவன் மேல் விழுகிறார்கள். நம்ம ஊர் சடுகுடு ஆட்டக்காரர்களுக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி.

சனிக்கிழமை கல்லூரி அணிகள் ஆடும். ஞாயிற்றுக்கிழமை என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை அணிகள் ஆடும். தொழில்முறை அணிகள் மொத்தம் 32. கல்லூரி ஆட்டம்தானே, நம்ம ஊர் இன்டர்-காலேஜ் மாட்ச் மாதிரி நாலு பேர் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டு பார்ப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அமெரிக்காவிலேயே பெரிய ஸ்டேடியம் அதுதான். ஆன் ஆர்பர் ஊரின் மொத்த ஜனத்தொகையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

என் மாப்பிள்ளை அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். மற்ற விஷயங்களில் தங்கமானவர். ஃபுட்பால் என்று வந்துவிட்டால் மட்டும் ஆவேசம் வந்தவர் போல ஆகிவிடுவார். அவர்தான் எனக்கு இந்தப் 'போவாரா, மாட்டாரா' சாஸ்திரத்தைச் சொல்லிக் கொடுத்தார்.

"மாமா, இது வருஷா வருஷம் வர்ற சீஸன். ஜனவரி முதல் வாரத்தோட என்.எஃப்.எல். வழக்கமான ஆட்டங்கள் முடியும். அடுத்த திங்கட்கிழமைக்குப் பேரே கருப்புத் திங்கள். தோத்த அணிகள் கோச்சை வீட்டுக்கு அனுப்புவாங்க. அப்புறம் புது கோச் தேடல். ஜெயிச்ச காலேஜ் கோச் பேரெல்லாம் உடனே அடிபடும்."

"நம்ம பாங்க்குல மார்ச் மாசம் ட்ரான்ஸ்ஃபர் லிஸ்ட் வர்ற மாதிரின்னு சொல்லுங்க" என்றேன். முப்பத்திநாலு வருஷ சர்வீஸ். மானேஜருக்கு மாற்றல் என்பது மானேஜருக்குத் தெரிவதற்கு முன்னாலேயே எங்கள் பியூனுக்குத் தெரிந்துவிடும்.

"அதே! இங்க பியூனுக்குப் பதிலா ஏஜென்ட்."

கோச்சுக்கு ஏஜென்ட் உண்டு. 'அந்த அணி எங்க ஆளைக் கேக்குதாம்' என்று அவர் ஒரு பத்திரிகைக்காரர் காதில் ஊதினால் போதும். பல்கலைக்கழகம் பதறிப்போய்ச் சம்பளத்தை உயர்த்தும். போனாலும் லாபம், போகாவிட்டாலும் லாபம்.

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? தனியார் விமானம் எங்கிருந்து கிளம்பி எங்கே இறங்குகிறது என்று கம்ப்யூட்டரில் பார்க்க முடிகிறது. நள்ளிரவில் ஒரு சின்ன விமானம் ஊருக்குள் இறங்கினால் "ஆச்சு, வந்துட்டாங்க பொண்ணு கேக்க!" என்று கலவரம். அது யாரோ பல் டாக்டருடைய விமானமாக இருக்கும்.

இதைவிடச் சுவாரஸ்யம் கோச்சுகளின் மறுப்பு அறிக்கை. மாப்பிள்ளை அகராதியே வைத்திருந்தார்.

'இந்த ஊரை நான் நேசிக்கிறேன்' என்றால், பேச்சு நடக்கிறது.

'என் கவனமெல்லாம் என் பையன்கள் மேல்தான்' என்றால், பேச்சு முடிந்துவிட்டது.

'வதந்திகளுக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை' என்றால், வீட்டை விற்க ஆள் பார்த்தாகிவிட்டது.

சிரித்தேன். "சரி, 'போகமாட்டேன்'னு பட்டுனு சொன்னா?"

"அதுதான் மாமா ரொம்ப ஆபத்து!" என்று ஒரு கதை சொன்னார். நிக் சேபன் என்று ஒருவர். கல்லூரி ஆட்டத்தில் பெரிய புள்ளி. 2005-ல் கல்லூரியை விட்டு மயாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போனார். இரண்டு வருஷத்தில் 15 வெற்றி, 17 தோல்வி. மறுபடி கல்லூரிக்கே, அதாவது அலபாமாவுக்குப் போகப்போகிறார் என்று பேச்சு கிளம்பியது. 2006 டிசம்பர் 21-ம் தேதி நிருபர்களிடம், 'நான் அலபாமா கோச் ஆகப்போவதில்லை' என்று அடித்துச் சொன்னார். 2007 ஜனவரி 3-ம் தேதி அலபாமா கோச் ஆனார். சரியாகப் பதின்மூன்று நாள்! அப்புறம் அங்கே ஆறு தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்து, வாழ்நாளிலேயே சிலையும் வைத்துக்கொண்டார். ஜெயித்தால் ஊர் எதையும் மன்னித்துவிடும் போலிருக்கிறது.

இன்னொருவர் பாபி பெட்ரினோ. 2007 டிசம்பரில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியை 13 ஆட்டத்தோடு விட்டுவிட்டு, அர்கன்சா பல்கலைக்கழகத்துக்கு ஓடினார். ஆட்டக்காரர்களுக்கு அவர் விட்டுப் போனது, ஒவ்வொருவர் லாக்கரிலும் சில வரிக் கடிதம் ஒன்று. அதே ராத்திரி அர்கன்சாவில் மேடையேறி, புது ஊரின் கோஷத்தைக் கூட்டத்தோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தார். டி.வி.யில் ஃபால்கன்ஸ் பையன்கள் அதைப் பார்த்திருப்பார்கள்.

எங்கள் ஹார்பாவும் (பாருங்கள், ஒரே வாரத்தில் 'எங்கள்' ஆகிவிட்டார்!) இந்த விஷயத்தில் சாமானியர் இல்லை. 1980-களில் மிச்சிகனுக்கே ஆடியவர். தொழில்முறை அணியான ஸான் ஃபிரான்சிஸ்கோவில் கோச்சாக இருந்து, 2013 சூப்பர் பௌல் இறுதி ஆட்டம் வரைக்கும் போய், சொந்த அண்ணன் ஜான் ஹார்பாவின் அணியிடம் 34-31 என்று தோற்றவர். 2014 டிசம்பர் கடைசியில் தாய்வீட்டுக்குத் திரும்பினார்.

ஆனால் 2022 பிப்ரவரி 2-ம் தேதி அவர் எங்கே இருந்தார் தெரியுமா? மினசோட்டா அணியோடு இன்டர்வியூவில். அன்றைக்கு என்ன நாள்? பள்ளி முடிக்கும் பையன்கள் 'இந்தக் கல்லூரியில்தான் ஆடுவேன்' என்று கையெழுத்துப் போடுகிற நாள்! தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை பக்கத்து மண்டபத்தில் பெண் பார்த்துக்கொண்டிருந்த கதை. அது கூடிவரவில்லை. மிச்சிகனுக்கே திரும்பினார். இனி இது வருஷா வருஷம் நடக்காது என்றார். அதே மாதத்தில் புது ஒப்பந்தமும் போட்டுக் கொடுத்தார்கள். 2023 ஜனவரியில் டென்வர் அணியோடு பேச்சு. 'அவர் இங்கேதான் இருப்பார்' என்று பல்கலைக்கழகத்தின் தலைவரே அறிவிக்க வேண்டியதாயிற்று.

2024-ல் மூன்றாவது முறை. பேரன் ஏன் தோசையைத் தொடவில்லை என்று இப்போது புரிந்தது.

13-ம் தேதி சனிக்கிழமை வெற்றி ஊர்வலம். குளிர் என்றால் அப்படியொரு குளிர். நான் இரண்டு ஸ்வெட்டர், ஒரு கோட்டு, அதற்கு மேல் மாப்பிள்ளையின் கோட்டு, தலையில் மஃப்ளர் என்று மூட்டையாக நின்றேன். ஸ்டேட் ஸ்ட்ரீட் முழுக்க மஞ்சளும் நீலமும். ஹார்பா கையை ஆட்டிக்கொண்டே வந்தார். பேரன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாருங்க தாத்தா, எவ்வளவு சந்தோஷமா இருக்கார்! இவ்வளவு சந்தோஷமா இருக்கறவர் போவாரா?" என்றான்.

சந்தோஷமாக இருக்கிறவர்கள்தான் போவார்கள் என்பது எனக்குத் தெரியும். பத்து வயசில் தெரியவேண்டியதில்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்று ராத்திரி மாப்பிள்ளையிடம் கேட்டேன். "போனா என்ன மாப்பிள்ளை? நல்ல வேலை கிடைச்சா நாமளும்தான் போறோம். நீங்க சென்னையை விட்டு வரலையா?"

"போகட்டும் மாமா. கோச் ஒவ்வொரு பையன் வீட்டுக்கும் போறார் இல்லையா? ஸோஃபாவுல உக்காந்து, அம்மா கையால சாப்பிட்டு, 'உங்க பிள்ளையை நான் பார்த்துக்கறேன்'னு சொல்றார் இல்லையா? அதை நம்பித்தானே பதினேழு வயசுப் பையன் கையெழுத்துப் போடறான்?"

உண்மைதான். இதே ஹார்பா 2016-ல் ஒரு பையன் வீட்டில் ராத்திரியே தங்கிவிட்டு வந்தார் என்று அந்நாளில் நாடே பேசியது. நம்ம ஊரில் சம்பந்திகூட அப்படித் தங்குவதற்கு யோசிப்பார்.

பையனுக்கும் கோச்சுக்கும் நியாயம் ஒன்றாகவும் இல்லை. 2021 வரைக்கும் ஒரு பையன் கல்லூரி மாறி ஆடவேண்டுமானால் பொதுவாக ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டும். கோச் மட்டும் இன்றைக்கு ராத்திரி விமானம் ஏறி, நாளைக் காலையில் வேறு ஊர்த் தொப்பியை மாட்டிக்கொள்ளலாம். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதல் ஆள் கவர்னர் இல்லை, கோச்சுதான். ஆடுகிற பையனுக்கோ படிப்புச் செலவு மட்டும். 2021 ஜூலையில்தான் தன் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்பது 2025 ஜூலையில்தான் வந்தது. நான் அங்கே இருந்தபோது நடப்பில் இருந்த விதிப்படி, தலைமைக் கோச் போய்விட்டால், பையன்களுக்கும் வேறு கல்லூரி தேட 30 நாள் அவகாசம் உண்டு. ஏதோ கொஞ்சம் நியாயம் வந்திருந்தது.

ஆன் ஆர்பரில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. போ ஷெம்பெக்லர் என்று ஒரு கோச். பெயரே 'போ'! ஆனால் மனுஷர் போகவில்லை. 1969-ல் வந்தவர். 1982-ல் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் பல மடங்கு சம்பளத்தோடு வந்து கூப்பிட்டது. மாட்டேன் என்று விட்டார். அந்தச் சந்தோஷத்தில் டாமினோஸ் பீட்ஸா முதலாளி அவருக்கு ஒரு பீட்ஸாக் கடையையே பரிசாகக் கொடுத்தார். (நம்ம ஊரிலும் ஸ்கூட்டரில் பீட்ஸா கொண்டுவருகிறார்களே, அதே டாமினோஸ்தான். தலைமை ஆபீஸ் ஆன் ஆர்பரில்தான்.) கடை எந்த ஊரில் என்பதுதான் வேடிக்கை. மிச்சிகனின் பரம வைரி ஒஹையோ ஸ்டேட் இருக்கிற கொலம்பஸில்!

1989-ல் ஷெம்பெக்லர் விளையாட்டுத் துறைக்கே தலைவர். தேசியப் போட்டி ஆரம்பிக்க இரண்டே நாள் இருக்கும்போது, கூடைப்பந்துக் கோச் பில் ஃப்ரீடர் 'அரிஸோனாவில் வேலையை ஒப்புக்கொண்டேன், இந்தப் போட்டியை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன்' என்றார். 'வேண்டாம். மிச்சிகன் அணியை மிச்சிகன் ஆள்தான் நடத்துவான்' என்று சொல்லிவிட்டார் ஷெம்பெக்லர். உதவிக் கோச் ஸ்டீவ் ஃபிஷர் கையில் அணியைக் கொடுத்தார். ஆறு ஆட்டம், ஆறும் வெற்றி. இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசத்தில் தேசிய சாம்பியன்!

இத்தோடு கதையை நிறுத்தினால் ஷெம்பெக்லரைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம். ஆனால் மறு வருஷம், 1990 ஜனவரியில், அவரே கல்லூரியை விட்டுத் தொழில்முறைக்குப் போனார். அதுவும் ஃபுட்பால் இல்லை, பேஸ்பால். டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்குத் தலைவர். 1992-ல் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஆக, எல்லோருமே ஒரு நாள் போகிறவர்கள்தான்.

பொங்கல் வந்தது. மைக்ரோவேவ் பக்கத்தில் கோலம் போட்டு, மின்சார அடுப்பில் பொங்க வைத்தோம். புகை அலாரம் கூவி மங்கள வாத்தியம் வாசித்தது. அதற்குள் லாஸ் ஏஞ்சலீஸ் சார்ஜர்ஸ் அணி ஹார்பாவோடு பேசியாயிற்று. அட்லாண்டாவும் பேசுகிறது என்றார்கள். ஹார்பா வாயைத் திறக்கவில்லை. பேரன் தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல், "நியூஸ் வந்துதா?" என்பான்.

20-ம் தேதி இருக்கும். காரில் லைப்ரரிக்குப் போகும்போது பின்சீட்டிலிருந்து திடீரென்று கேட்டான்.

"தாத்தா, நீங்களும் பாட்டியும் எப்ப ஊருக்குப் போறீங்க?"

என் பெட்டியில் டிக்கெட் இருந்தது. பிப்ரவரி 18. மகள் சொல்லி வைத்திருந்தாள்: "இப்பவே சொல்லாதீங்கப்பா. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவான். கிளம்பறப்ப சொல்லிக்கலாம்."

"இப்ப என்னடா அதுக்கு? இங்கதானே இருக்கேன்! உன்கூட இருக்கத்தானே வந்தேன்?" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

24-ம் தேதி புதன்கிழமை சாயங்காலம் செய்தி வந்துவிட்டது. ஜிம் ஹார்பா சார்ஜர்ஸுக்குப் போகிறார். மாப்பிள்ளை டி.வி.யை அணைத்தார். "போய் சூப்பர் பௌலாவது ஜெயிக்கட்டும்" என்றார், கோபமா ஆசீர்வாதமா என்று தெரியாத குரலில். (2023-ல் 5 வெற்றி, 12 தோல்வி என்று கிடந்த சார்ஜர்ஸ், 2024-ல் அவர் கையில் 11 வெற்றி, 6 தோல்வி என்று எழுந்து நின்றது. வேலை தெரிந்த மனுஷர், சந்தேகமில்லை.)

பேரன் அழுவான் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். நானும் முழங்கால் வலியோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வருத்தமா இருக்காடா?"

"போனது ஓகே தாத்தா. அவருக்கு சூப்பர் பௌல் வேணும். ஆனா கேட்டப்பல்லாம் ஒண்ணுமே சொல்லலையே. 'ஆமாம், யோசிச்சிட்டிருக்கேன்'னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. 'இந்த ஊரை நான் நேசிக்கிறேன்', 'என் கவனமெல்லாம் என் பையன்கள் மேல்தான்' என்ற அகராதியைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவன் நான். நாலு நாள் முன்னால் காரில் நான் சொன்னது என்ன? 'இங்கதானே இருக்கேன்!' ஏஜென்ட் இல்லாமலேயே எவ்வளவு சுத்தமான கோச் பதில்!

மகள் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"கண்ணா, அன்னிக்கு நீ கேட்டே இல்ல? தாத்தா பிப்ரவரி 18-ம் தேதி ஊருக்குப் போறேன். டிக்கெட் வாங்கியாச்சு. இன்னும் இருபத்தஞ்சு நாள்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"தெரியும் தாத்தா. பொங்கல் அன்னிக்கே பாட்டி சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏண்டா கார்ல என்னைக் கேட்டே?"

"நீங்க சொல்றீங்களான்னு பார்த்தேன்."

உள்ளேயிருந்து சகதர்மிணி குரல் கொடுத்தாள். "ரெண்டு பேரும் அங்க என்ன ரகசியம் பேசறீங்க? தோசை ஆறுது!"

போனோம். அன்றைக்கு அவன் நாலு தோசை சாப்பிட்டான். எனக்குத்தான் இறங்கவில்லை.